மங்களம் சொல்லாமல் விட்ட கரும்புள்ளி

ஈப்போ தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த மங்களத்துக்கு, காலையில் கிளம்புமுன் சூரியனைப் பார்த்தாக வேண்டும். சின்னத் தொலைநோக்கியைச் சன்னலில் நிறுத்தி, வெயிலை வெள்ளை அட்டையில் விழவைப்பாள். ஒளிவட்டத்தில் கரும்புள்ளிகள் தெரியும். புள்ளிகள் பெருகினால் சிற்றலை வானொலி வெகுதூரம் எட்டும். ஆனால் பெரிய புள்ளி ஒன்று சீறினால் அலைகள் திடீரென்று அடங்கிவிடும். உரிமம் வாங்கி வீட்டிலேயே வானொலி நிலையம் வைத்திருந்த ஈப்போ நண்பர்கள், வெகுதூரத்து நிலையங்களோடு பேச எந்த நாள் நல்ல நாள் என்று அவளைத்தான் கேட்பார்கள்.

1979இல் அந்த நண்பர் கூட்டத்தில் பெர்னார்ட் வந்து சேர்ந்தான். மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அமெரிக்க நிலையம் ஒன்று சூரியனின் நிலையையும் பூமியின் காந்தக் கொந்தளிப்பையும் எண்களாக ஒலிபரப்பும். அதைக் கேட்டு வந்து சொன்னான். மழை நாளிலும் சொன்னான். மேகம் மூடினால் மங்களத்திடம் சொல்ல ஒன்றுமிருக்காது. "பெர்னார்ட் என்ன சொல்றான்?" என்று அவள் எதிரிலேயே கேட்கத் தொடங்கினார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் கணிப்பு பொய்த்த நாளில் சோறு கூடுதலாக இறங்கியது.

இரண்டு வருடம் கழித்து, ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டக் கூடத்தில் வானொலியை மக்களுக்குக் காட்ட ஏற்பாடானது. கடல் தாண்டி மதுரையிலிருந்து வானொலி நண்பர் ஒருவர் பேசுவார். அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த வீரம்மாவின் அண்ணனும் அந்த நண்பர் வீட்டுக்கு வருவார். அண்ணன் குரலை வீரம்மா இங்கிருந்தே கேட்கலாம். நாள் குறித்தவன் பெர்னார்ட்.

முந்தைய நாள் காலை அட்டையில் ஒரு புள்ளிக்கூட்டம் விழுந்தது. ஒரே இரவில் இரட்டிப்பாகி, சிதறிக் கறுத்துக் கிடந்தது. இப்படிப்பட்டது சீறும் என்று மங்களத்துக்குத் தெரியும். தொலைபேசியை எடுத்தாள். அவனே எல்லாம் தெரிந்தவனாயிற்றே என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வீரம்மா புதுச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மதுரைக் குரல் ஒருமுறை தெளிவாக வந்து, சட்டென்று அறுந்தது. பிறகு வெறும் இரைச்சல். பெர்னார்ட் கம்பிகளைக் கழற்றி மாட்டினான், சட்டை நனைந்துவிட்டது. மங்களத்துக்கு முதலில் இனித்தது.

"அண்ணே போய்ட்டாரா?" என்று வீரம்மா பக்கத்தில் நின்ற மங்களத்தைக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் இனிப்பு நின்றுபோனது.

"போகலக்கா. செத்த பொறுங்க, திரும்ப வரும். சூரியன்ல பெரிய புள்ளி ஒன்னு சீறியிருக்கு."

பெர்னார்ட் நிமிர்ந்தான். "அக்கா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

ஒரு மணி நேரத்தில் அலைகள் திரும்பின. "வீரம்மா, நல்லாருக்கியா தாயி?" என்றது கரகரத்த குரல். கூட்டமெல்லாம் கை தட்டி, பெர்னார்டைச் சூழ்ந்துகொண்டது.

சில வாரம் அவன் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து நேராக அவள் வீட்டுக்கு வந்து, "அந்த அட்டைய எனக்குக் காட்டுங்கக்கா" என்றான். காட்டினாள். அதற்குப் பின் புள்ளி அவளுடையது, எண் அவனுடையது என்று இருவரும் சேர்ந்தே கணிப்புச் சொன்னார்கள். பெரும்பாலும் பலித்தது.

ஆனாலும் கூட்டத்தில் அவள் சொல்லி முடித்ததும், யாராவது ஒருவர் பெர்னார்டைத் திரும்பிப் பார்த்து, "சரிதானா?" என்பார். அவன் தலையாட்டுவான். மங்களத்துக்கு அப்போதும் எரிந்தது.