மாமாவைக் கிடத்த ஓர் இடம்

இது நடந்தது திருப்பதியில், போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கோடையில்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஏழைகளுக்கென்று அரசாங்கம் குறைந்த வாடகைக்கு விட்டிருந்த குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் குடியிருந்தோம். ஒரே அறை, மூலையில் சமையல். மழை வந்தால் சுவர் ஊறிப்போகும். மாமா, அதாவது என் மாமனார், பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்தே அதுதான் வீடு. நகரியிலிருந்து கல்யாணமாகி நான் வந்து இறங்கியதும் அங்கேதான்.

கட்டடம் பழசாகிவிட்டது, இடித்துப் புதிதாகக் கட்டி உங்களுக்கே தருகிறோம் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். நம்பிக் காலி செய்தோம். நம்பாவிட்டாலும் காலி செய்திருப்போம். தண்ணீரையும் கரண்டையும் முதலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

மாமாவுக்குப் பக்கவாதம். தனியாக விட முடியாது என்று, வீடு தேடிப் போகும்போதெல்லாம் ஆட்டோவில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு அலைந்தோம். போன இடத்திலெல்லாம் எல்லாம் பேசி முடிந்தபிறகு, வயசானவங்க இருக்காங்களா என்று கேட்பார்கள். இருக்கிறார் என்றதும் பேச்சு நின்றுவிடும். ஒரு அம்மாள் நேராகவே சொன்னார்: "ஆஸ்பத்திரியில செத்தா பரவால்லம்மா. வூட்ல செத்தா அப்புறம் எவன் குடி வருவான்?" மாமாவுக்குப் பேச்சுதான் குழறும். காது நன்றாகக் கேட்கும்.

கடைசியில் ஒரு மாடியில் தகர ஷீட் போட்ட அறை கிடைத்தது. "பெரியவருக்கு ஏதாச்சும் ஆவற மாதிரி இருந்தா முன்னாடியே கூட்டிக்கினு போயிடணும்" என்றார் வீட்டுக்காரர். என் கணவர் சரி என்று தலையாட்டினார்.

ஒரு நாள் காலையில், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோதே மாமா போய்விட்டார். "நைனா" என்று என் கணவர் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன், கீழே கேட்டுவிடக் கூடாதே என்று. கேட்டுவிட்டது. வீட்டுக்காரர் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். "இங்க வெக்காதீங்க. உங்க கால்ல வேணாலும் வுழறேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் நாங்களும் பதிலுக்குத் திட்டியிருப்போம். அவரோ பயந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

உறவுக்காரர்கள் நகரியிலிருந்தும் புத்தலப்பட்டிலிருந்தும் வந்து சேர மதியமாகும். அதுவரை எங்கே வைப்பது?

"குவார்ட்டர்ஸுக்கே போலாம்" என்றார் என் கணவர்.

"அங்க இன்னா கீது? அல்லாத்தையும் இட்ச்சிட்டாங்களே" என்றேன்.

"நெலம் கீதுல்ல."

லோடு ஆட்டோவில் கொண்டு போனோம். அந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி போட்டிருந்தார்கள். புது வீடு கட்டும் அடையாளமே இல்லை. பக்தர்களின் கார் நிறுத்துமிடம் வரப்போவதாகப் பலகை இருந்தது. அதைப் படித்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது.

காவலாளி எங்களை விரட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று தெலுங்கில் கேட்டார். என் கணவர் கை காட்டினார். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு, உடைந்த செங்கல்களைக் காலாலேயே ஒதுக்கி, தான் படுக்கிற கட்டிலைக் கொண்டுவந்து அங்கே போட்டார். யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் அழுங்கள் என்றார்.

அழுதோம். செய்தி கேட்டுப் பழைய அக்கம்பக்கத்தாரும் ஊரின் மூலை முடுக்கிலிருந்து வந்தார்கள். மாமாவின் கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த ஒருத்தி, எழுந்து போய்த் தன் சமையல் மூலை இருந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துப் போனோம்.

அடுத்த வாரம் நன்றி சொல்லப் போனபோது வேறு ஒரு காவலாளி இருந்தார். பிணத்தை உள்ளே விட்டதற்காகப் பழையவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை.

எங்களுக்கு வீடு தருவதாகச் சொன்னவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். என் கணவர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் இருமினால், டாக்டருக்கு முன்னால் வீட்டுக்காரர் முகம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.