காது நீண்ட போர்க்குதிரை

காலை எட்டரைக்கு மன்னார் பஸ் நிலையத்தில் இறங்கி, பேசாலைக்கு ஓட்டோ பிடித்தேன். அங்கே ஒரு குதிரை பார்க்கப் போகிறேன் என்றதும், தெருவோரம் நின்ற கழுதைகளைக் காட்டி, "இதுகள் போதாதோ அண்ணை?" என்றார் ஓட்டோக்காரர். பதினைந்து கிலோமீற்றர் அளவில் இருக்கும். ஆயிரத்தைந்நூறு கேட்டார். கடுமையாகப் பேரம் பேசி, ஆயிரத்தைந்நூறே கொடுத்தேன்.

பேசாலையில் திருவிழாவுக்குக் கூத்துப் போடுகிறார்கள். கடைசிக் காட்சிக்குத் திரை வரைந்தவர் மேரி அக்கா. படகுகளுக்குப் பெயர் எழுதுபவர். திரை வரைவது இதுவே முதல் தடவை. மண்டபத்தில் அது தொங்கியது. சண்டை முடிந்த மணல்வெளி, முறிந்த ஈட்டிகள், நடுவில் அரசனை இழந்த குதிரை வெறும் சேணத்தோடு தலைகுனிந்து நிற்கிறது. காதுகள் என் முழங்கை நீளம். ஊரில் ஏது குதிரை? வீட்டு வளவுக்கு வரும் கழுதையைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கலங்கிப் போயிருந்தார். அரசி இதன் முன்னால் ஒப்பாரி வைக்கும்போது சனம் சிரித்தால் கூத்தே போச்சு. காதைக் குறைக்காவிட்டால் திரையைக் கழற்றிக் கறுப்புத் துணி கட்டுவேன் என்றார். பிறகு, வெளியூரில் இருந்து வந்த என்னிடம், "நீங்கள் குதிரை பாத்தனீங்கள்தானே, சொல்லுங்கோ" என்றார். நான் பார்த்த ஒரே குதிரை கொழும்பில், காலிமுகத்திடலில். அதையும் பயந்து ஓடிக்கொண்டே பார்த்தேன். ஆனாலும் தாடையைத் தடவி, காது சற்று அதிகம்தான் என்று தீர்ப்பளித்தேன்.

மேரி அக்கா தூரிகையை எடுத்தார். "குறைக்கிறன். ஆனால் தெரியாமல் கீறேல்ல. இதோட திரிஞ்ச மற்றக் கழுதையை லொறி அடிச்சுப்போட்டுது. இது பொழுதுபடுமட்டும் றோட்டில இப்பிடித்தான் நிண்டது. சண்டை முடிஞ்ச இடத்தில நிக்கிறதுக்கு எனக்கு வேற முகம் தெரியாது."

அண்ணாவியார் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு, ஒருமுறை இப்படியே ஆடிப் பார்ப்போம் என்றார்.

அரசியாக ஆடுபவர், மீசையும் இடுப்பில் சாரமுமாக வந்த அருள் என்ற மீனவர். ஒத்திகை பார்க்கக் கூடியிருந்தவர்கள் குதிரையைக் கண்டதும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். அந்தச் சிரிப்புக்குள் பாடத் தொடங்கிய அருள் தடுமாறி நிறுத்தினார். திரும்பித் திரையைப் பார்த்தபடியே நின்றார். சிரிப்பு தானாக அடங்கியது. அதன் பிறகு அவர் பாடியபோது எனக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

மேரி அக்கா இன்னும் தூரிகையோடு காத்திருந்தார்.

"விடு பிள்ளை, காது கிடக்கட்டும்" என்ற அண்ணாவியார், அருளிடம் திரும்பினார். "நீ அவசரப்படாத. முதல்ல சனம் சிரிச்சு முடிக்கட்டும். பிறகு அழு."