கால் ஊன்றாத எழுநூறு மீற்றர்

பிரகலாதன் வலது காற்சட்டைக் காலை மூன்று மடிப்பு மடித்து, கொடியில் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றால் கவ்வவைத்து, சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துத் தோள்பைக்குள் பத்திரப்படுத்தும்போது மணி நாலரை. போத்தல் தண்ணீரில் சரிபாதி குடிக்கிறார். மற்றப் பாதி மேலே போய்க் குடிப்பதற்கு. பிறகு உள்துறைமுகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். அங்கே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களில் சில ஆபிரிக்காவரை போகின்றன. அவற்றின் மாலுமிகள்கூட இவ்வளவு உருக்கமாக விடைபெறுவதில்லை.

"தாஹிர், போட்டு வாறன்," என்கிறார்.

திருகோணமலையில் உவர்மலை ஏற்றத்தின் அடியில் ஓட்டோ ஓட்டும் தாஹிர், "போயிட்டு வாங்க சேர்," என்கிறார். போகிற தூரம் எழுநூறு மீற்றர்.

பிரகலாதனுக்கு வயது ஐம்பத்துமூன்று. மலைக்குக் கீழே ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் வேலை, மற்றவர்களின் விடுமுறைக் கடிதங்களைப் பார்ப்பது. ஒரே நாளில் மூன்று பேருக்கு லீவு கொடுத்தால் நாடு நின்றுவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. நாடு ஒரு முறை உண்மையாகவே நின்றது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில், பெற்றோல் இல்லாமல். அதற்கு அவர் கொடுத்த லீவு காரணமில்லை என்பதில் அவருக்குச் சிறிது ஆறுதல் உண்டு.

அந்த வருடம்தான் கியர் இல்லாத பழைய லுமாலா சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தார். ஊரே எடுத்தது. பெற்றோல் வந்ததும் ஊர் சைக்கிளைக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பழையபடி மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டது. பிரகலாதன் ஏறவில்லை. அதற்குள் அவருக்கு ஒரு சாதனை வாய்த்துவிட்டது. உவர்மலை ஏற்றத்தை அடியிலிருந்து உச்சிவரை ஒரு தடவையும் கால் நிலத்தில் படாமல் ஏறுகிற சாதனை.

"மலை ஏறுறது பெரிய விசயமில்லை. ஆடும் ஏறும். கால் ஊண்டாமல் ஏறுறதுதான் விசயம்," என்பார். இதில் பிழை கண்டுபிடிக்க முடியாது. ஆடு நான்கையும் ஊன்றித்தான் ஏறுகிறது.

உலகத்தைப் பற்றியும் அவரிடம் இதே அளவுக்குத் தெளிவான கருத்துண்டு. "கண்டி ஆக்களிட்ட மலை இருக்கு, சைக்கிள் இல்லை. யாழ்ப்பாணத்து ஆக்களிட்ட சைக்கிள் இருக்கு, மலை இல்லை. ரெண்டும் வச்சிருக்கிறவன் திருகோணமலையான்தான். வச்சிருந்தும் என்ன, ஏறுறவன் நான் ஒருத்தன்தான்." சொல்லிவிட்டுக் கேட்பவர் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். பாராட்டுக்கு விடப்பட்ட இடைவெளி அது.

ஏறும் முறை நேரானதல்ல. தெருவின் இடது கரையிலிருந்து வலது கரைக்கும், வலது கரையிலிருந்து இடது கரைக்குமாக வளைந்து வளைந்து ஏறுவார். எழுநூறு மீற்றரை ஒன்றரைக் கிலோமீற்றராக்கி ஏறுவதால் மலை ஏமாந்துவிடும் என்பது கணக்கு. மலை ஏமாறுகிறதோ இல்லையோ, பின்னால் வரும் வாகனங்கள் ஏமாறுகின்றன. பாண் விற்கும் ஓட்டோ தன் பாட்டைப் போட்டபடி பின்னால் ஊர்ந்து வரும் நாட்களில் அவருக்குப் பின்னணி இசையும் கிடைக்கும். ஒரு நாள் கோட்டைப் பக்கத்திலிருந்து வழிதவறி வந்த மான் ஒன்று நடுத்தெருவில் நின்று முட்டைக்கோவா இலை தின்றுகொண்டிருந்தது. இன்னொருவர் என்றால் இறங்கியிருப்பார். பிரகலாதன் மானைச் சுற்றி மூன்று வட்டம் போட்டார். நாலாவது வட்டத்தில் மானுக்குத் தலைசுற்றியதோ என்னவோ, விலகிப் போனது. அந்த நாளை அவர் இன்றும் திகதியோடு சொல்வார். மகளுடைய பிறந்த திகதியை மனைவியிடம் கேட்டுத்தான் சொல்வார்.

இந்த வீரத்தில் ஒரேயொரு ஓட்டை. அவருடைய வேகமும் நடக்கிற ஒருவருடைய வேகமும் ஒன்று. ஏற்றம் முடிய பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவரால் பேச முடியாது. இருக்கிற மூச்சு மிதிக்கவே போதாது. நின்று பேசலாம் என்றால் கால் ஊன்ற வேண்டும். ஆக, பக்கத்தில் நடந்து வருகிறவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு போவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவன் அவருடைய அலுவலகத்தில் வேலை செய்யும் சசிகரன். தம்பலகாமத்தில் மச்சானுக்குக் கலியாணம் என்று அவருடைய மேசைக்கு வந்து மூன்று நாள் லீவு கேட்டான், கிடைக்கவில்லை. மாலையில் ஏற்றத்தில் கூடவே நடந்து அதையே திரும்பக் கேட்டான். பிரகலாதன் மூச்சு வாங்கினார். அடுத்த நாள் சசிகரனின் கதிரை வெறுமையாக இருந்தது. திரும்பி வந்தவனை அவர் பிடித்தபோது, "சேர் ஏலாது எண்டு சொல்லேல்லையே. உச்சிமட்டும் கேட்டுக்கொண்டுதானே வந்தனீங்கள்," என்றான். கால் ஊன்றி மறுத்திருக்கலாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்றிலிருந்து அது மலையின் சட்டமாகிவிட்டது. உச்சிக்குப் போகும்வரை கால் ஊன்றவில்லை என்றால் ஓம். ஊன்றினால் ஏலாது. பக்கத்து வீட்டு மைமூனா, மதிலுக்கு மேலால் வந்த முருங்கைக் கொப்பை வெட்டுவதற்கு இந்த முறையில்தான் அனுமதி வாங்கினார். பிரகலாதனுக்குச் சட்டம் தெரியும். அநியாயம் என்றும் தெரியும். அதை எதிர்ப்பதற்கு ஒரு காலை ஒரு கணம் கீழே வைத்தால் போதும் என்பதும் தெரியும். முருங்கை போனால் போகட்டும் என்று மிதித்துக்கொண்டு போனார்.

இந்தச் சட்டத்தால் அதிகம் பயன் கண்டவர் அவருடைய மனைவி தயாளினி. கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். மேலதிக வகுப்பு முடிந்து, கொப்பிகள் நிறைந்த பையோடு பஸ்ஸில் வந்து இறங்கும்போது நாலரை. "ஏறுங்க மிஸ், நான் சும்மாதான் மேல போறன்," என்று தாஹிர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "இல்லை தாஹிர், அவரிட்ட ஒரு கதை இருக்கு," என்று சொல்லிவிட்டு நடப்பார்.

கதை எப்போதும் இருந்தது. வீட்டில் அதைச் சொல்ல இடமில்லை. வீட்டுக்கு வந்தால் அவர் குளிப்பார், பிறகு செய்தி, பிறகு அன்றைய ஏற்றத்தைப் பற்றிய விமர்சனம். குளிர்சாதனப் பெட்டி மாற்றியது, மகளை மட்டக்களப்பில் படிக்க விட்டது, மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு மாதம் வைத்திருந்தது எல்லாமே ஏற்றத்தில் தீர்ந்த விடயங்கள். நாலு வருடமாக அந்தப் பெண் தன் குடும்பத்தை எழுநூறு மீற்றர் தெருவில் நடந்து நடந்து நடத்தியிருக்கிறார். பிரகலாதன் இதைக் கவனித்ததில்லை. அவருடைய கண் எப்போதும் முன் சில்லிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காற்று இல்லாத பின்னேரம். முதல் நூறு மீற்றரில் தயாளினி கொப்பிப் பையை இரண்டு தரம் கை மாற்றினார். அதுவே ஒரு கெட்ட சகுனம்.

"இஞ்சருங்கோ, உப்புவெளியில ஒரு வீடு பாத்திருக்கிறன்."

பிரகலாதன் இடது கரைக்கு வளைந்தார்.

"நல்ல தண்ணி. வாசலிலயே பஸ் நிக்கும். ஒரு படி இல்லை, ஒரு மேடு இல்லை. தெருவெல்லாம் பாய் விரிச்ச மாதிரிச் சமம்."

சமம் என்ற சொல்லில் சைக்கிள் ஒரு தரம் ஆடியது.

"வாற முதலாம் திகதி வரச்சொல்லியிருக்கினம். இந்த வீட்டுக்காரரிட்டயும் சொல்லிப்போட்டன். உங்கட ஒரு சொல்லுத்தான் மிச்சம்."

இவ்வளவு நெருக்கடியை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. கால் ஊன்றினால் ஏலாது என்று அர்த்தம். வீடு தப்பும், மலை தப்பும். ஆனால் சாதனை போய்விடும். சாதனை போன பிறகு மலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊன்றாமல் உச்சிக்குப் போனால் சாதனை தப்பும். ஆனால் முதலாம் திகதியிலிருந்து ஏறுவதற்கு மலை இருக்காது. உப்புவெளியில் கால் ஊன்றாமல் போகிறேன் என்று யாரிடம் சொல்வது? அங்கே சின்னப் பிள்ளைகளே அப்படித்தான் போகிறார்கள். மனிதர் உண்மையாகவே வேதனைப்பட்டார். அதை நான் கேலி செய்யவில்லை. ஒருவருக்குச் சொந்தமென்று இருப்பது ஒரு மேடுதான் என்றாலும், அதைப் பறிகொடுக்கும்போது வலிக்கத்தான் செய்யும்.

தெரிந்த ஒரே உபாயத்தைக் கையாண்டார். வேகத்தைக் குறைத்தார். தீர்ப்பை ஒரு நிமிடமாவது தள்ளிப்போடலாம். ஏற்கனவே ஊர்ந்த சைக்கிள் இப்போது நிற்பதற்கும் நகர்வதற்கும் இடையில் எங்கேயோ இருந்தது.

"எனக்கு முழங்கால் ஏலாமக் கிடக்கு," என்றார் தயாளினி. "மூட்டுத் தேஞ்சு போச்செண்டு டொக்டர் சொல்லுறார். ஏத்தம் கூடாதாம். எத்தினை வருசமா நடக்கிறீங்கள் எண்டு கேட்டவர். நாலு எண்டு சொன்னனான்."

அதற்குப் பிறகு சத்தமில்லை. கதை முடிந்துவிட்டது என்று முதலில் பிரகலாதன் நிம்மதிப்பட்டார். இரண்டு வளைவு வளைந்தார். இன்னும் சத்தமில்லை. செருப்புச் சத்தமும் இல்லை. நாலு வருடத்தில் ஒரு நாளும் அவர் மனைவியை முந்தியதில்லை. இன்றைக்கு வேகத்தைக் குறைத்த பிறகு முந்தியிருக்கிறார். திரும்பிப் பார்த்தால் சமநிலை போய்விடும். ஆனால் ஏற்றத்தின் மோசமான வளைவில், எதிரே வரும் வாகனம் தெரிவதற்காக நட்டிருக்கும் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. அதைத் தாண்டி ஆயிரம் தடவை போயிருக்கிறார், அதற்குள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

முப்பது அடி பின்னால், கீழே தயாளினி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை மதிலில். மற்றக் கை முழங்காலில். கொப்பிப் பை தெருவில் சரிந்து கிடந்தது. அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கால் ஊன்றவேண்டி வரும் என்பதால் கூப்பிடவில்லை என்பது பிரகலாதனுக்கு அந்த இடத்தில், அந்தக் கணத்தில் விளங்கியது. சாதனை என்று இவர் நினைத்துக்கொண்டிருந்ததற்குக் கூலியைச் செலுத்திக்கொண்டிருந்தது அந்த முழங்கால்.

இடது கால் நிலத்தில் பட்டது.

மேலே யாரையோ ஏற்றப் போய்க்கொண்டிருந்த தாஹிர், பின்னால் பிரேக் பிடித்தார். கண்ணால் கண்டதை அவரால் நம்ப முடியவில்லை. ஆனால் நல்ல மனிதர். ஒரு வழி காட்டிக் கொடுத்தார்.

"என்ன சேர், செயின் கழண்டுட்டா?"

ஓம் என்றால் போதும். செயின் கழன்றது கணக்கில் வராது. தாஹிரே மலை முழுவதும் சாட்சி சொல்லியிருப்பார்.

"இல்லை தாஹிர்," என்றார் பிரகலாதன். "நான்தான் ஊண்டினனான்."

சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுக் கீழே நடந்தார். ஒரு கிளிப் கவ்விய காற்சட்டையோடு அவர் வருவதைத் தயாளினி பார்த்துக்கொண்டு நின்றார். முகம் தொங்கிப்போயிற்று.

"ஏலாது எண்டு சொல்லத்தானே ஊண்டினீங்கள்?"

"மூச்சை எடும் முதல்ல," என்றார் பிரகலாதன். கொப்பிப் பையைத் தூக்கினார். பாரத்தை எதிர்பார்க்காததால் ஒரு பக்கம் சரிந்து, நிமிர்ந்தார். ஓட்டோவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, மனைவியை ஏற்றினார். சைக்கிளை ஆராவது எடுத்துவிடுவார்கள் என்று தாஹிர் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தலையைக் குனிந்து தானும் உள்ளே ஏறினார்.

"தாஹிர், கொஞ்சம் மெல்லப் போங்கோ," என்றார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த வீட்டுக் கதையை முதலில இருந்து சொல்லும்," என்று, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார்.