புதினா எண்ணெய்

தலைச்சன் பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்கு மசக்கை கடுமை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. தண்டையார்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டிலிருந்த முஸ்லிம் அக்கா, நாலு புதினா இலையைக் கொதிநீரில் போட்டு ஆறவைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. அன்றிலிருந்து புதினா என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

பெண் பிறந்தாள். இரண்டாவது மாதம் சளி பிடித்து, மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுதாள். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கும் என் கணவர், டோல்கேட் பக்கம் ஒரு கடையிலிருந்து சின்னக் குப்பியில் புதினா எண்ணெய் வாங்கி வந்தார். அவருக்குச் சளி என்றால் அதைத்தான் மோந்து பார்ப்பார். அக்காவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இலைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

ஒரு சொட்டுதான். விரலில் தொட்டு மூக்குக்குக் கீழே தடவினேன். குழந்தை ஒருமுறை விக்கியது. அழுகை நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உதடு நீலமானதும்தான் அலறினேன். அவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினார். பின்னால் நான் ஓடினேன். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ செய்து பார்த்தார்கள்; பிள்ளை பிழைக்கவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "தொவையல் அரைக்கிற இலை வேற, இந்த எண்ணெய் வேறம்மா. இலையோட காரமெல்லாம் இதுல எறங்கியிருக்கு. பச்சைக் குழந்தை மூக்குகிட்ட கொண்டுபோனா மூச்சே அடைச்சிடும்" என்றார்.

வெளியே வந்ததும் என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே வாங்கினு வந்தேன்."

"நான்தானே தடவினேன்" என்றேன்.

பிறகு, தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் நானே போய் இந்த எண்ணெயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னேன். சொல்லும்போதெல்லாம் நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் பிள்ளையை என் பார்வையிலிருந்து நகர்த்தி வைத்தார்கள்.

மூன்று வருடம் கழித்துப் பையன் பிறந்தான். அவனுக்கு முதல்முறை மூக்கடைத்த அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. என் மடியிலிருந்தவனை வாங்கித் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு டாக்டரம்மாவிடம் நடந்தார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.