விராலிமலை வேலும் டாக்டரம்மாவின் ஊசியும்

வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்த நேரம், பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் செல்வி போன் செய்தாள். "அக்கா, நம்ம டாக்டரம்மா தவறிட்டாங்க." டாக்டர் மங்கையர்க்கரசியைத்தான் சொன்னாள். புதுக்கோட்டையில் அவரிடம் கட்டியில் ஊசி குத்திப் பார்க்கும் ஊசி டெஸ்ட் செய்துகொண்டவர்கள் அழுதுகொண்டே சிரித்திருப்பீர்கள். அவர் பேச்சு அப்படி.

நான் அவரிடம் போனபோது என் இடது மார்பில் கல் போல ஒரு கட்டி. படம் எடுத்துப் பார்த்தவர்கள், புற்றுநோய் போலத் தெரிகிறது, மார்பையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று நாத்தனார் வேறு பயமுறுத்தியிருந்தார். விராலிமலை முருகனிடம் வேண்டிக்கொண்டு, ஊசியே வேண்டாம் என்று சொல்லத்தான் டாக்டரம்மா முன் போய் உட்கார்ந்தேன்.

"முருகன் பாத்துக்குவாரு டாக்டரம்மா."

"பாக்கட்டும். அவரு கையில அம்மாம் பெரிய வேலு, அதக் கும்புடுறீங்க. என் கையில இத்துனூண்டு ஊசி, இதுக்குப் போயி பயப்படுறீங்களே! பரவும்னு எந்த டாக்டர் சொன்னாரு?"

"நாத்தனார் சொன்னாங்க."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க, எங்க படிச்சாங்கன்னு கேப்போம்."

ஊசிக்குச் சரியென்று தலையாட்டினேன். சிரிப்பு அடங்குவதற்குள் ஊசி போய் வந்துவிட்டது.

அன்று மாலை கண்ணாடித் தகட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

"என்ன தெரியுது?"

"ரவையத் தூவி விட்ட மாதிரி இருக்கு."

"நான் ரிப்போர்ட்டுல ஒரு பக்கம் எழுதப்போறத ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்களே!"

இப்படி ரவை ரவையாகத் தெரிவது அபூர்வமாக வரும் ஒரு கட்டி, தொட்டாலும் படத்திலும் புற்றுநோய் போலவே ஏமாற்றும், பெரும்பாலும் கெடுதல் செய்யாது என்று விளக்கினார். "நல்ல கட்டின்னுதான் தோணுது. ஆனா ஊசி நுனியில வந்தத மட்டும் வச்சு சத்தியம் பண்ண மாட்டேன். கட்டிய மட்டும் எடுக்கட்டும். முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன்." அறுவை சிகிச்சை மருத்துவரிடம் அவரே பேசினார். கட்டியை மட்டும் எடுத்தார்கள். முழுதாகப் பார்த்தபோதும் நல்ல கட்டிதான். மார்பும் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

அவரிடம் வரும் பெண்கள் பலரும் "அந்த எடத்துல" என்று இழுப்பார்கள். "எந்த எடம்? ஆலங்குடியா, அறந்தாங்கியா? மார்புன்னு சொல்லுங்கம்மா. வாயில வராமத்தான் பாதிப் பேரு நோய் முத்துனப்புறம் வாறீங்க" என்பார்.

வீட்டுக்காரரிடம்கூட அந்தச் சொல்லைச் சொல்லக் கூசியவள் நான். இன்று இத்தனை பேர் படிக்க எழுதிவிட்டேன். எங்கள் தெருவில் யாராவது இழுத்தால், நானே அந்தச் சொல்லைச் சொல்லிக் கையோடு பஸ் ஏற்றி டெஸ்டுக்குக் கூட்டிப்போகிறேன். டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு வந்தது அந்தக் கூசாத வாய்தான்.