நிரந்தரமாக மூடப்பட்ட கடை

தன் கடை மூடப்பட்டுவிட்டது என்று கட்டிலக்காவுக்குத் தெரியவந்தபோது அவள் கடைக்குள்தான் இருந்தாள். சக்கர நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, முன் சக்கரத்தில் சுற்றியிருந்த தலைமுடியைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒரு ஆளைக் கையோடு கூட்டிவந்து வாசலில் நிறுத்தினார்.

"இந்தாங்க, இதான் கடை. சார் முக்கால் மணி நேரமா சக்கர நாற்காலி தேடி அலையறாரு. நம்ம வாசலை ரெண்டு தரம் தாண்டிப் போயிருக்காரு."

வந்தவர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நிரந்தரமா மூடிட்டாங்கன்னு போட்டிருக்குங்க. அதான் உள்ளே எட்டிக்கூடப் பாக்கலை."

திரையைத் திருப்பிக் காட்டினார். கடையின் படம் இருந்தது. முகவரி இருந்தது. அதற்குக் கீழே 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. அவள் நாற்காலியை நிமிர்த்தித் துடைத்து, பிரேக் பிடிக்கும் விதத்தைக் காட்டி அனுப்பிவைத்தாள். அவர் தெருமுனை திரும்பிய பிறகுதான் பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்குக் கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை அது. பன்னிரண்டு வருஷமாக அவளும் புருஷனும் நடத்தியது. போன், பேச்சு, வண்டியில் ஏற்றி இறக்குவது எல்லாம் அவர் பாடு. திரும்பி வந்ததைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுவது, மெத்தையில் ஓட்டை பார்த்து ஒட்டுவது, தலைப்பக்கம் உயர்த்தும் கைப்பிடிக்கு எண்ணெய் விடுவது இவள் பாடு. கட்டில்களுக்கு நடுவிலேயே எப்போதும் கிடந்ததால் தெருவில் கட்டிலக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது என்று அவர் கேலி செய்வார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கடையை இணையத்தில் ஏற்றினார். அதுவரைக்கும் நர்சுகள் கைகாட்டி அனுப்பிய ஆட்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. 'இனிமேல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர் சொல்லி முடித்ததும், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே ஜனங்கள் தேடுகிறார்கள். தேடினால் முதலில் இந்தக் கடை வந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, லோடு ஆட்டோவில் கட்டிலைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் இரு" என்று படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் கடையைத் திறந்தாள். பழகிய நர்சுகள் அனுப்பிச் சிலர் வந்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது. கட்டில்கள் சுவரோரம் வரிசையாகச் சாத்திக் கிடந்தன. குற்றம் தன்னுடையதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவருக்கு இருந்த பேச்சு தனக்கு ஏது? சிரித்த முகமும் இல்லை. வருகிற ஒன்றிரண்டு பேரையும் நாமே விரட்டிவிடுகிறோமோ என்று கண்ணாடி முன்னால் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்லிப் பார்த்ததும் உண்டு.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டாள்.

"யாரோ நம்ம கடையை மூடிட்டதா நெட்ல போட்டிருக்காங்கடி. போட்டிக்காரன் வேலையா இருக்குமா?"

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தாம்மா போட்டேன்."

"நீயா?"

"அப்பாவைக் கூடத்துல கிடத்தியிருந்தோம்ல. அப்பவும் அவர் போன் அடிச்சிட்டே இருந்துச்சு. காற்று மெத்தை இருக்கா, இன்னைக்கே வருமான்னு. ஒருத்தருக்கு எடுத்து, அப்பா இறந்துட்டாருன்னு சொன்னேன். அவங்க, அப்ப வேற நம்பர் இருக்கான்னு கேட்டாங்க. என்னால தாங்க முடியலை. மூடியாச்சுன்னு ஒரு பட்டனைத் தட்டினேன். அடிக்கிறது நின்னுபோச்சு." பிறகு, "நீ திரும்பத் திறப்பேன்னு நான் நினைக்கவே இல்லைம்மா" என்றாள்.

கட்டிலக்காவுக்குத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஏழு மாதம் கண்ணாடி முன்னால் நின்றதை எல்லாம் கொட்ட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அன்று எல்லோரும் அழுதுகொண்டிருக்க, மகள் மட்டும் மூலையில் நின்று போனோடு மல்லுக்கட்டியது கண்ணில் வந்தது. அப்போது மகளை யாரும் தேற்றவில்லை. இவளும்தான்.

"சரி விடு. அதை எப்படித் திறக்கிறதுன்னு பாரு."

திறப்பது மூடியதைப் போல லேசாக இல்லை. இணையத்தில் கடையின் பக்கம் அவர் பெயரில் இருந்தது. பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. பழைய போனை மகளே சுத்தமாக அழித்து விற்றிருந்தாள். கடை திறந்திருக்கிறது என்று அந்த இணைய நிறுவனத்துக்கு இரண்டு தரம் எழுதிப்போட்டும் பதில் இல்லை. ஒரே வழிதான் மிச்சம். ரகசிய எண் ஒன்று அனுப்புவார்கள், அதைச் சொன்னால் திறக்கும். அது போய்ச் சேருவதோ அவருடைய பழைய நம்பருக்கு. அந்த நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் செத்து, இப்போது வேறு யார் கையிலோ இருந்தது.

"நான் பேசட்டுமாம்மா?" என்றாள் மகள்.

"வேண்டாம். நானே பேசறேன்."

அந்த நம்பரை அவள் அழிக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. அன்று அழுத்தியபோது திரையில் அவர் முகம் வந்தது, ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. மணி அடித்தது. எடுத்துவிடுவார் என்று ஒரு நொடி உடம்பு நம்பியது.

"ஹலோ, யாருங்க?" இளவயசுக் குரல். "கட்டில் வேணும்னா இங்கே இல்லைங்க. நான் பெயின்டர். ஏணியில நிக்கிறேன்."

"கட்டில் வேண்டாம் தம்பி. கட்டில் கடையே என்னுதுதான்." சொல்லவந்ததை அவள் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தாள். ரகசிய எண் என்ற இடத்தில் அவன் குரல் மாறியது.

"அம்மா, எண் வரும், சொல்லுங்கன்னு கேட்டுத்தான் எங்க அண்ணன்கிட்ட மொத்தத்தையும் சுருட்டிட்டாங்க. நீங்க நல்லவங்களாவே இருக்கலாம். நான் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்றது சரிதான். ஒண்ணு செய்யேன். கடைக்கு வந்து பாரு. பார்த்துட்டுச் சொல்லு."

மறுநாள் மத்தியானம் வந்தான். முழங்கை வரைக்கும் வெள்ளைப் பெயின்ட். கட்டில்களைப் பார்த்தான், சுவரில் மாட்டியிருந்த அவள் புருஷன் படத்தைப் பார்த்தான், மருந்துக்கடைக்காரரிடம் போய் விசாரித்துவிட்டும் வந்தான். பிறகு ஒரு வாக்கரில் கையை ஊன்றி நின்றான்.

"மூடியாச்சுன்னு போட்டிருந்தாலும் பழைய வாடகைச் சீட்டைப் பார்த்துக் கூப்பிடறாங்கக்கா. வாரத்துக்கு நாலஞ்சு பேரு. முதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் ஒரு அம்மா அழுதுட்டாங்க. அதுக்கப்புறம் சும்மா போனை வைக்க மனசு வரலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி கடை ஒண்ணு இருக்கு. விசாரிச்சு அந்த நம்பரைத் தந்துட்டிருக்கேன்."

தன் வாடிக்கையாளர்களை ஒருவன் நல்ல மனசோடு போட்டிக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல் தரம். "நல்லதுதான் செஞ்சிருக்கே" என்றாள். உண்மையாகவே சொன்னாள். அந்த அம்மாவுக்குக் கட்டில் கிடைத்திருக்கிறது அல்லவா.

மகள் அங்கிருந்து பட்டனைத் தட்ட, இங்கே அவன் போனில் எண் வந்து விழுந்தது. ஒவ்வொரு எண்ணாக அவன் படிக்க, அவள் தன் போனில் மகளுக்குத் திருப்பிச் சொன்னாள். ஆறாவது எண் சொன்னதும், "திறந்துடுச்சும்மா" என்று மகள் அழுதாள்.

அன்று சாயங்காலம் மகள் சொல்லிக்கொடுத்தபடி கடையின் பக்கத்தைத் தன் போனிலேயே பார்த்தாள். ஜனங்கள் எழுதியிருந்தவை கீழே கீழே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் பதில் எழுதியிருந்தார். இத்தனை எழுதினாரா என்று இருந்தது. அம்மாவைக் கடைசி மூன்று மாதம் வைத்துப் பார்த்த ஒருவர், கட்டில் அவ்வளவு சுத்தமாக இருந்தது, யாரோ படுத்த கட்டில் என்ற நினைப்பே அம்மாவுக்கு வரவில்லை, நன்றி என்று எழுதியிருந்தார். கீழே அவள் புருஷனின் பதில்: "அது என் மனைவியின் கைவேலை. உங்கள் நன்றியை அவளிடம் சொல்லிவிட்டேன்."

அவர் சொல்லவே இல்லை. மறந்திருப்பார். இல்லை, சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். பன்னிரண்டு வருஷத்தில் அவள் கழுவிய கட்டிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, 'இந்த மூலையில் ஈரம் இருக்கு பார்' என்று காட்டியதைத் தவிர. அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். போன் திரை அணைந்தபோதெல்லாம் மறுபடி தட்டினாள்.

மேலே, புதிதாக மூன்று பேர், போனோம், பூட்டிக் கிடந்தது என்று ஒரே ஒரு நட்சத்திரம் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அவளே பதில் எழுதினாள். ஒரு விரலால் எழுத்துத் தேடித் தேடி அரை மணி நேரம் ஆனது. "மன்னிக்கவும். என் கணவர் இறந்துவிட்டார். கடை இருக்கிறது. நான் நடத்துகிறேன்."

பழைய கூட்டம் முழுதாகத் திரும்பவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடை இப்போது தேடலில் முதலில் வருகிறது, இவளுடையது நாலாவதாக. இருந்தாலும் சுவரோரம் சாத்தியிருந்த கட்டில்களில் பாதி வெளியே போய்விட்டன. போன் பேச அவளுக்கு இன்னமும் தயக்கம்தான். என்ன நோய் என்று கேட்பதில்லை. எத்தனாவது மாடி, வாசல் எவ்வளவு அகலம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள்.

லோடு ஆட்டோவிலும் அவளேதான் போகிறாள். போன வாரம் ஒரு வீட்டில், படுக்கையில் கிடந்த தகப்பனுக்காகக் கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். அந்த வீட்டுப் பெண் கைப்பிடியை வேகமாகச் சுற்றவும் பெரியவர் முகம் சுளித்தார். கட்டிலக்கா அவள் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"மெதுவா சுத்தும்மா. அவர் முகத்தையே பாத்துக்கிட்டுச் சுத்து. எங்கே நிறுத்தணும்னு அவரே காட்டுவாரு."