மாந்தோப்பில் எல்லாரும் வெள்ளை

என் ஓரகத்தி கைக்குழந்தைகளை மணலில் நட்டு வைப்பாள். முதல் தடவை பார்த்தபோது நான் பதறிப்போனேன். காய்ந்த ஓடையில் கையாலேயே குழி பறித்து, உட்காரத் தெரியாத பிள்ளையை அதில் இறக்கி, இடுப்பைச் சுற்றி மணலை அணைத்துவிடுவாள். பிள்ளை சாயவும் முடியாது, தவழ்ந்து போகவும் முடியாது. இரண்டு கையாலும் மணலை அள்ளிப்போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். "வாயில மண்ணு போகுமே அக்கா" என்று நான் சொன்னதற்கு, "போனா வெளிய வந்துட்டுப் போகுது. நீ போயி வெங்காயத்த உரி" என்றாள்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி அவள். ஐம்பதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது, அந்தக் கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியும் பிள்ளைகளும் அவள் கையில் இருந்தன. பெற்றது நாலு. வளர்த்தது வீட்டில் இருந்த எல்லாவற்றையும்.

எங்கள் தெருப் பெண்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் பிரசவத்துக்குத் தாய்வீடு போவதுதான். அதை விட்டால் வருஷத்தில் ஒரு நாள், ஒடுக்கத்துப் புதன். சபர் மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, பீடை கழிய வேண்டும் என்று வீட்டை விட்டு வெளியே போய்ப் பச்சைப் புல்லை மிதிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது மார்க்கத்தில் இல்லாத காரியம் என்று சொல்கிற ஆலிம்கள் அப்போதும் இருந்தார்கள். பெண்கள் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. திண்டுக்கல்லோ மழைக்கு ஏங்கிக் கிடக்கிற ஊர். மிதிப்பதற்குப் புல் தேடியே வத்தலக்குண்டு ரோட்டில் வெகுதூரம் வண்டி கட்டிக்கொண்டு போவோம். அங்கே ஒரு மாந்தோப்பு, பெரிய இறவைக் கிணறு, வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் புல், தோப்பை ஒட்டி அந்த மணல் ஓடை. எங்களுக்கு அது போதும். தெருவே அங்கே வந்து இறங்கிவிடும்.

என் மாமனாருக்குத் தோல் மண்டி. அதிகம் பேசமாட்டார். வீட்டுப் பெண்கள் வாசலிலிருந்து வண்டிக்குப் போகிற நாலடி தூரத்துக்கும் இரண்டு பக்கமும் படுதா பிடிக்கச் சொல்கிற மனிதர். நாங்கள் வெள்ளைத் துப்பட்டியை உச்சந்தலையிலிருந்து கணுக்கால்வரை போர்த்திக்கொண்டு, ஒரு கண் மட்டும் தெரியும்படி விலக்கிப் பிடித்து, அந்தப் படுதாவுக்கு நடுவே நடந்து போய் ஏறுவோம். வண்டிக்குள்ளே மண்டியிலிருந்து வந்த பதமிட்ட ஆட்டுத்தோல்களைச் சுருட்டி வைத்திருப்பார். தோப்பில் பிள்ளைகளைக் கிடத்த அதைவிட நல்ல விரிப்பு கிடையாது. நாற்றம் செத்த நேரத்துக்குத்தான், அப்புறம் மூக்கு பழகிவிடும்.

ஆண்கள் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் ஜமுக்காளம் விரித்துக்கொள்வார்கள். இந்தப் பக்கம் முழுக்க எங்கள் ராஜ்யம். துப்பட்டிகளை உருவிக் கிளைகளில் போட்டுவிட்டுப் பெண்கள் கலர் கலராக வெளியே வருவோம். அக்கா வேலையை ஆரம்பிப்பாள். தொட்டில் பிள்ளைகளுக்கு மாங்கிளையில் சேலைத் தூளி. உட்காரப் பழகுகிறவர்களுக்கு மணல் குழி. தவழ்கிறவர்களுக்கு இடுப்பில் மெத்தென்ற துணியைச் சுற்றி, அதில் ஒரு கயிற்றைக் கட்டி மரத்தோடு முடிச்சு; அடுப்புக்கு எட்டாத நீளமாகப் பார்த்துத்தான் கயிறு விடுவாள். நடக்கிற பிள்ளைகளுக்குக் காலில் கொலுசு. நெய்ச்சோற்றுக்கு அரிசியைக் களைந்துகொண்டே, எந்தக் கொலுசு எந்தப் பக்கம் போகிறது என்று நிமிராமல் சொல்லுவாள். "ஏலே, கிணத்துப் பக்கம் என்ன வேல, இங்கிட்டு வா!" என்பாள். ஒரு பயல் திரும்பி வருவான். பெற்றவளான எனக்கு என் பிள்ளையின் கொலுசுச் சத்தம் தனியாகக் கேட்டதே இல்லை. பொறாமையாகக்கூட இருக்கும்.

என் மூத்த மகளுக்கு இரண்டு வயசு நடந்துகொண்டிருந்த வருஷம். வாய்க்கால் புல்லில் அவள் காலை வைத்ததும் கூசிப்போய்க் காலை மடக்கிக்கொண்டாள். இறங்க மாட்டேன் என்று அழுதாள். கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விட்டது. ஆயக்குடிக் கொய்யா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பகல் முழுக்க ஆட்டம். தால்ச்சாவும் கறியும் ஊற்றிப் பிசைந்த சோற்றை அக்கா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் வைத்து வரிசையாக ஊட்டினாள். வீட்டில் ஒரு வாய்க்கு ஒரு மணி நேரம் இழுக்கிற என் மகள், அங்கே அடுத்த பிள்ளையின் வாய்க்குப் போன கவளத்தையும் எட்டிப் பிடித்தாள்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு ஆண்கள் எழுந்ததும் நாங்கள் மூட்டை கட்டத் தொடங்கினோம். சோறாக்கிய தேக்சாக்களை மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, தூளிகளை அவிழ்த்து, கிளைகளில் கிடந்த துப்பட்டிகளை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். ஒரு நொடியில் தோப்பு முழுக்க வெள்ளை. எங்கள் தெருவில் அவசரக்காரர்கள் சிலர் முன்னமே வண்டி ஏறிவிட்டார்கள். மாட்டுச் சலங்கைகள் குலுங்கின; அந்தச் சத்தத்தில் எந்தக் கொலுசும் கேட்கவில்லை. நான் குனிந்து ஆட்டுத்தோலைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தேன். பிள்ளையைக் காணோம்.

முதலில் கூப்பிட்டேன். அப்புறம் கத்தினேன். யாரோ ஒருத்தி "கிணறு" என்றாள். நான் கிணற்றைப் பார்த்து ஓடினேன். தொழுகை முடித்த ஆண்கள் ஓடிவந்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தார். அவர் முங்கிப் போய் வெறுங்கையோடு மேலே வரும்போதெல்லாம் எனக்கு உயிர் வந்தது. மறுபடி முங்கும்போது போனது. தெருவே அந்தக் கிணற்றைச் சுற்றி நின்றது.

அக்கா மட்டும் கிணற்றைப் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவ வெள்ளையப் பிடிச்சுக்கிட்டுப் போயிருக்கா புள்ள. வீட்டுல உன்னைய இப்படிப் போர்த்தி எங்க பார்த்தா? எல்லா வெள்ளையும் அவளுக்கு ஒண்ணுதான். எந்த வண்டி கிளம்புச்சு?" பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. ரோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கிவிட்டாள்.

தோப்பிலிருந்து வண்டிப்பாதை ஒரு பெரிய வளைவு சுற்றித்தான் ரோட்டுக்குப் போகும். அவள் குறுக்கே, உழுதுபோட்ட காட்டில் இறங்கினாள். வேலி முள்ளில் துப்பட்டி மாட்டிக்கொண்டது. அதை எடுக்க அவள் நிற்கவில்லை. அப்படியே உருவிக்கொண்டு அப்பால் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். வேலியில் வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருந்தது. அக்கா தலைமுடி அவிழ, மண்கட்டியில் கால் இடறி இடறி ஓடினாள்.

ரோட்டில் நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் தெரியும். முதல் வண்டியை நடுரோட்டில் நின்று மறித்தாளாம். படுதாவை விலக்கிப் பார்த்தால் பிள்ளை இல்லை. இரண்டாவது வண்டியில் பிள்ளைகள் குவியலாகக் கிடந்து தூங்கின. அந்த வீட்டில் மூன்று மருமகள்கள். ஏறிய பிள்ளை மற்றவள் பிள்ளை என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள். குவியலுக்கு நடுவே கொய்யாவோடு என் மகள். "நீங்க நல்லா புள்ள வளத்தீக" என்று அவர்களை ஒரு பிடி பிடித்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பியிருக்கிறாள்.

காட்டுக்கு நடுவே அவள் இடுப்பில் பிள்ளையோடு வருவதைக் கிணற்றடியில் இருந்த எல்லாரும் பார்த்தோம். எனக்கு அழக்கூட வரவில்லை. அப்போதுதான் ஒன்று நடந்தது. அக்கா தலையில் ஒன்றும் இல்லை. முந்தானையையும் பிள்ளை இழுத்துப் பிடித்திருந்தது. அதைக் கண்டதும் ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திரும்பச் சொல்லி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. கிணற்றிலிருந்து ஏறி வந்த என் வீட்டுக்காரர் "புள்ள கிடைச்சிருச்சா?" என்று கேட்டார். "கிடைச்சிருச்சு" என்றேன். அண்ணி வருகிற கோலத்தை ஒரு நொடி கண்டவர், சட்டையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவரும் மேற்கே பார்த்து நின்றுகொண்டார். தன் பிள்ளையை ஒரு தடவை தொட்டுப் பார்க்க அந்த மனிதர் எப்படித் துடித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷம்போல அவரை நான் என்றைக்கும் மதித்ததில்லை.

நான் ஓடினேன். மற்றப் பெண்களும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அத்தனையும் வெள்ளை. பிள்ளை வீறிட்டு, அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "கண்ணு, அம்மாடா, அம்மாடா" என்று கையை நீட்டினேன். குரலைக் கேட்டு நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தது. உதடு பிதுங்கி மறுபடியும் அழுதது. என் வயிற்றில் பிறந்ததற்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"உருவிப் போடுடி அத" என்றாள் அக்கா.

நான் துப்பட்டியை உருவித் தரையில் போட்டேன். என் பச்சைச் சேலையையும் கலைந்த தலையையும் பிள்ளை ஒரு கணம் பார்த்தது. "ம்மா" என்று அப்படியே என்மேல் தாவியது. நான் சத்தம் போட்டு அழுதேன். அழுதுகொண்டே, பத்தடி தூரத்தில் மாமனார் நிற்கிறார் என்ற பயத்தில் ஒரு கையால் கீழே கிடந்த துணியைத் துழாவினேன்.

அவர் திரும்பவில்லை. மேற்குப் பக்கம் பார்த்தபடியே பேசினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

"அவசரப்பட்டு மூடாதம்மா. நாங்க இப்படியே நிக்கிறோம். புள்ள உன் மொகத்த நல்லாப் பாத்துக்கிடட்டும்."